உதிராத பட்டாணி

சரியாக உறைந்த பட்டாணிப் பையைக் கையில் எடுத்துக் குலுக்கினால் கூழாங்கல் போலக் கலகலவென்று சத்தம் வர வேண்டும். அன்று காலை அண்ணி எடுத்த பை சத்தம் போடவில்லை. சமையல் மேடையில் தட்டிப் பார்த்தாள். செங்கல்லை வைத்தது போலத் தொம்மென்றது. பிரித்தாள். உள்ளே பட்டாணி எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மேலே மாவு தூவியது மாதிரி ஐஸ் படிந்து, ஒரே கட்டி.

அவள் கட்டியைப் பார்த்தாள். பிறகு பின்னறைக் கதவைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

அண்ணி என்று நான் சொன்னாலும் எனக்கு அவள் அண்ணி முறை இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் வீடு, இந்தப் பக்கம் என் வீடு, அவ்வளவுதான். அவள் கல்யாணமாகி வந்தபோது பாவாடை கட்டிக்கொண்டிருந்த நாத்தனார், "அண்ணி, அண்ணி" என்று அவள் காலையே சுற்றித் திரிந்தாள். அதைக் கேட்டுக் கேட்டுத் தெருவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது, தபால்காரர் உட்பட. அந்த நாத்தனாருக்கு வீட்டில் சின்னது என்று பெயர். கல்யாணமாகிப் போய், காதோரம் நரை எட்டிப் பார்த்த பிறகும் சின்னதுதான்.

வேலைக்குப் போகிற தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுப் போகும் காப்பகம் ஒன்று பக்கத்துத் தெருவில் இருந்தது. அங்கே மதியச் சாப்பாடு அண்ணியின் பொறுப்பு. காய் மலிந்து கிடக்கும் பருவத்தில் வாங்கி, உறைய வைத்து, கிடைக்காத காலத்தில் எடுத்துச் சமைப்பாள். பட்டாணி, பீன்ஸ், சோளம். அதற்கென்றே ஒரு ஃப்ரீசர் பெட்டி இருந்தது. மூடிப்போன ஐஸ்கிரீம் கடையிலிருந்து லாரி ஓட்டுகிற அவள் வீட்டுக்காரர் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தது. ஆள் படுக்கிற நீளம். பின்னறையில் உறுமிக்கொண்டே கிடக்கும்.

அண்ணியின் சமையலறையில் சட்டம் ஒன்றுதான். "பல்லு முளைக்காத வாய்க்குப் போறது. சந்தேகம்னு வந்தா யோசிக்கக் கூடாது, தூக்கிப் போட்டுடணும்." பாலை முகர்ந்து பார்க்கும்போது அவள் மூக்கு ஒரு தடவை தயங்கினால் போதும், அந்தப் பால் வாசல் சாக்கடைக்குப் போய்விடும். நல்ல பால்தானே என்று நான்கூடச் சண்டை போட்டிருக்கிறேன். கேட்க மாட்டாள். அந்தச் சந்தேகத்தால்தான் இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளைக்கும் வயிறு கடுத்ததில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

உறைந்த பட்டாணி கட்டியாவது ஏன் என்று அவளுக்குத் தெரியும். உதிரியாக உறைந்தது ஒருமுறை இளகி, தண்ணீர் விட்டு, மறுபடி உறைந்தால் கட்டியாகும். இளகியது எத்தனை நேரம் இளகிக் கிடந்ததோ, உள்ளே என்ன கெட்டதோ, பார்த்தால் தெரியாது. மறுபடி உறைந்துவிட்டதால் நல்லதுபோல முகம் காட்டும். அவள் எடுத்த பையோ பருவத்தின் ஆரம்பத்தில் போட்டது. போன மாதம்கூட அந்த வரிசைப் பைகள் கலகலத்தன. ஆக, நடுவில் ஏதோ ஒரு நாள் பெட்டி வேலை செய்யவில்லை. கரண்ட் போகவில்லை, போயிருந்தால் தெருவுக்கே தெரியும். அப்படியானால் யாரோ ப்ளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள்.

பின்னறையில் இருந்தது ஒரே ஒரு ப்ளக் பாயிண்ட். அந்த அறையில் போன மாதத்திலிருந்து படுத்துக்கொண்டிருந்தது சின்னது.

அவள் ஒற்றைப் பையோடு பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் புருஷன் பாத்திரக்கடை வைத்திருந்தவர். அடிக்க மாட்டார், குடிக்க மாட்டார். கேட்பார். எங்கே இருக்கே, யார் பக்கத்தில், ஏன் எடுக்க இவ்வளவு நேரம், ஃபோனைத் திருப்பி அறையைக் காட்டு. கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் இதுதான். கதவு மூலையைக் காட்டு என்று ஒருநாள் கேட்டாராம். காட்டிவிட்டு அப்படியே பையை எடுத்துக்கொண்டு கிளம்பி வந்துவிட்டாள்.

வந்தவளிடம் லாரிக்கார அண்ணன் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். இரு, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் மாப்பிள்ளை கூப்பிட்டால் ஃபோனை எடுத்துப் பேச வேண்டும், பேசித் தீர்த்துக்கொண்டு போக வேண்டும். அண்ணி போட்ட நிபந்தனையும் ஒன்று உண்டு. அந்த ப்ளக்கைத் தொடக் கூடாது. அறையில் ஒரு மேஜை விசிறி இருந்தது, சொருக இடம் இல்லாமல் அலமாரிமேல் கழுத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு. சின்னது பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டு படுத்தாள்.

குளிர்காலம் முடிந்து, திடீரென்று வெயில் முற்றிய நேரம் அது. அந்த வெயிலில்தான் கடைசிப் பட்டாணி வந்தது. காய்கறி மண்டிக்காரர் இனி இந்த வருஷத்துக்கு இல்லை என்று மூட்டை மூட்டையாக இறக்கிவிட்டுப் போனார். நானும் போய் உட்கார்ந்தேன். அண்ணி, சின்னது, நான், முழங்கால் வலியோடு நாற்காலியில் அண்ணியின் மாமனார். எல்லோரும் உரித்தோம். கட்டைவிரல் நகத்துக்குள் பச்சை ஏறிவிட்டது. அந்தப் பெரியவர் ஒன்றை உரித்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். "மாமா, உறைய வைக்கத்தான் உரிக்கிறோம்," என்றாள் அண்ணி. "நானும் உள்ள பத்திரமாத்தாம்மா வைக்கிறேன்," என்றார் அவர்.

பெரியவர் மின்சார ஆபீசில் கம்பம் ஏறிய மனிதர். மின்சாரமும் நெருப்புதான் என்பது அவர் கட்சி. அதனால் அவர் வாயில் 'ஆஃப் பண்ணு' வராது. அணை என்பார். விளக்கை அணை, விசிறியை அணை, ரேடியோவை அணை. அந்த வீட்டில் எல்லோருக்கும் அதே பேச்சு தொற்றியிருந்தது. முதல்தடவை கேட்கிறவர்கள் சிரிப்பார்கள்.

உரித்ததை அண்ணி கொதிக்கிற தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுப்பாள். அப்படிச் செய்தால்தான் நிறமும் ருசியும் பருவம் தாண்டி நிற்கும். எடுத்த கையோடு ஐஸ் மிதக்கும் தண்ணீரில் கொட்டி, சூடு முழுக்க இறங்கவிட்டு, வடித்து, துணியில் பரத்தி ஈரம் உலர்த்தி, தட்டில் ஒற்றை அடுக்காக வைத்து உறையவிட்டு, அப்புறம்தான் பையில் அள்ளுவாள். காற்றை அமுக்கி வெளியேற்றிக் கட்டுவாள். அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை.

அன்று மட்டும் அவசரப்பட்டாள். மூட்டை குறையவே இல்லை, ஐஸ் தீர்ந்துவிட்டது. பெரியவரின் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கப் பெட்டியின் கடைசி மூலையில் ஐஸ் துண்டுகள் ஒரு பை நிறைய எப்போதும் இருக்கும். அதைத் தொட அவளுக்கு மனம் வரவில்லை. மாடித் தொட்டித் தண்ணீரைக் குழாயில் பிடித்து அதில் கொட்டினாள்.

சின்னது கையை விட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணி, தண்ணி வெதுவெதுன்னு இருக்கே," என்றாள்.

அண்ணியும் கையை விட்டாள். "ஜில்லுன்னுதானே இருக்கு. உன் கை அப்படி."

தட்டில் பரத்தவும் நேரமில்லை. பைகளில் அள்ளி, பெட்டியின் நடுவில் குவித்து, மூடியை அழுத்திச் சாத்தினாள். சின்னது வேறொன்றும் பேசவில்லை. அடைக்கலம் வந்த வீட்டில் ஒரு தடவைக்குமேல் யார் சொல்வார்கள்?

இதெல்லாம் நடந்து சில நாள் கழித்துத்தான் அந்தக் கட்டி.

அண்ணி சத்தம் போடவில்லை. அன்று பிள்ளைகளுக்குக் கேரட் வாங்கிச் சமைத்தாள். மத்தியானம் சின்னதிடம், ராத்திரி வேர்க்குதா என்று கேட்டாள். பரவாயில்லை அண்ணி என்றாள் அவள். விசிறி வேணுமா என்று கேட்டாள். வேண்டாம் அண்ணி என்றாள் அவள். வேர்க்கும்போது ஒருத்தி ஏன் விசிறி வேண்டாம் என்கிறாள்? கிடைக்காத விசிறியை வேண்டாம் என்கிறாளா, ஏற்கெனவே கிடைத்துவிட்டதால் வேண்டாம் என்கிறாளா? சுவருக்கு இந்தப் பக்கம் வந்து என்னிடம் கேட்டாள். வேண்டாமென்றால் வேண்டாம்தான் என்றேன். "உங்களுக்குத் தெரியாது," என்று போய்விட்டாள்.

அடுத்த நாள் மருந்துக்கடை பிளாஸ்திரி வாங்கி வந்து சுவிட்சின்மேல் குறுக்காக ஒட்டினாள். யாராவது தெரியாமல் கை வைத்துவிடப் போகிறார்கள் என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டே ஒட்டினாள். சின்னது துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பிளாஸ்திரியைப் பார்த்தாள். மறுபடி குனிந்துகொண்டாள். அதன் பிறகு அந்தச் சுவர்ப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை.

விசிறியின் இறக்கையில் தூசி கலைந்திருக்கிறதா என்று அண்ணி பார்த்தாள். கலைந்திருந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. சந்தேகப்பட்டுப் பார்க்கிற கண்ணுக்குத் தூசிகூடச் சாட்சி சொல்லும், கண்ணுகளா. பட்டாணிப் பைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து முகர்ந்தாள். ஒன்றில் புளித்த வாடை இலேசாக அடித்தது. அன்றோடு அவள் முகம் இறுகிவிட்டது.

மறுநாள் மத்தியானம் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பின்னறை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே சின்னது யாரோடோ ஃபோன் பேசிக்கொண்டிருந்தாள். பெரியவருடைய பழைய பட்டன் ஃபோனில்.

"ஆமாடி, நான்தான் அணைச்சு வச்சேன். வேற யாரு? வந்ததுலேர்ந்து முக்கால்வாசி நேரம் அணைஞ்சேதான் கிடக்கு." கொஞ்சம் நிறுத்தி, "இல்ல, அண்ணிக்குத் தெரியாது. தெரிஞ்சா ஒரு நாள் இந்த வீட்ல வச்சிருக்க மாட்டாங்க."

அண்ணியின் கையிலிருந்த ஈரத் துணி மண்ணில் விழுந்தது. எடுத்து அலசக்கூட இல்லை.

லாரிக்காரர் அன்று சாயந்திரம் நடை முடிந்து வந்தார். வழியெல்லாம் புழுதி தின்ற முகம். சோற்றைப் போட்டுவிட்டு அண்ணி எல்லாவற்றையும் சொன்னாள். தன் உழைப்பு போனதைச் சொல்லவில்லை. இளகின பட்டாணியைத் தெரியாமல் பிள்ளைகளுக்குப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். பெரியவர், பொண்ணு அப்படிச் செய்ய மாட்டாள் என்று இழுத்தார். லாரிக்காரர் தங்கையைக் கூப்பிட்டார்.

"பெட்டியை அணைச்சியா?"

"இல்லண்ணா."

"அண்ணி காதால கேட்டிருக்கா. அணைச்சேன்னு நீயே சொல்லியிருக்கே. அப்போ எதை அணைச்சே?"

சின்னது வாயைத் திறந்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

அவள் பதில் சொல்லாமல் நின்றதே அவருக்குப் பதிலாகிவிட்டது. கையைக் கழுவினார். "காலைல லோடு அந்தப் பக்கம்தான் போகுது. உன்னையும் ஏத்திக்கிட்டுப் போய் மாப்பிள்ளை வீட்ல இறக்கிடறேன்," என்றார். பாத்திரம் பண்டம் ஏற்றி இறக்குகிற குரலில் சொன்னார். கெட்டவர் இல்லை அவர். களைத்துப்போன மனிதருக்குச் சீக்கிரம் தீர்கிற வழிதான் நியாயமாகப் படும்.

விடிந்ததும் அண்ணி என்னைக் கூப்பிட்டாள். பெட்டியைக் காலி பண்ணப் போகிறேன், வாளி பிடிக்க வாருங்கள் என்றாள். எதையும் வைத்துக்கொள்ளப் போவதில்லை, மொத்தமும் குப்பைக்கு. லாரிக்காரர் வெளியே சக்கரத்துக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தார். சின்னது அறையின் மூலையில் பைக்குள் புடவையை அடுக்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் உள்ளே வந்தது தெரியாத மாதிரி அடுக்கினாள்.

அண்ணி நடுவிலிருந்து எடுக்க ஆரம்பித்தாள். கடைசி மூட்டையில் வந்த பைகள். கட்டி, கட்டி, கட்டி. ஒவ்வொன்றும் வாளியில் தொம் தொம்மென்று விழுந்தது. அவற்றுக்கு அடியிலும் பக்கத்திலும் இருந்த பழைய பைகள். அவையும் கட்டி. நான் வாளியைக் கொட்டிவிட்டு வந்தேன்.

ஓரத்துக்குப் போகப் போக அவள் கை மெதுவானது. ஒரு சோளப் பையை எடுத்தாள். வீசப்போனவள் நிறுத்தினாள். குலுக்கினாள்.

கலகலத்தது.

அடுத்ததைக் குலுக்கினாள். அதுவும். பீன்ஸ் பை. அதுவும் உதிரி. குனிந்து கடைசி மூலையில் கையை விட்டுப் பெரியவரின் ஐஸ் பையை இழுத்தாள். துண்டு துண்டாக, ஒன்றோடொன்று ஒட்டாமல், மூலை மழுங்காமல் சலசலத்தது.

அந்தப் பையைப் பிடித்தபடியே நின்றாள். ப்ளக்கைப் பிடுங்கி, உறைந்த பட்டாணியே இளகும் அளவுக்குப் பெட்டி நின்றிருந்தால் அந்த ஐஸ் துண்டுகள் இளகி ஒரே பாளமாக ஒட்டியிருக்கும். பெட்டி நிற்கவே இல்லை. நடுவில் மட்டும்தான் எதுவோ சுட்டிருக்கிறது.

ஐஸ் பையை என் கையில் கொடுத்துவிட்டு அண்ணி கொல்லைக் குழாய்க்குப் போனாள். வெயில் அப்போதே ஏறியிருந்தது. குழாயைத் திறந்து தண்ணீரை உள்ளங்கையில் பிடிக்காமல் மணிக்கட்டில் விட்டுப் பார்த்தாள். நான் பின்னாலேயே போயிருந்தேன்.

"வெதுவெதுன்னு இருக்கு," என்றாள். பிறகு, "அன்னைக்கு என் கை கொதிதண்ணிக்குள்ள போய்ப் போய் வந்துச்சு. அந்தக் கைக்கு எதை ஊத்தினாலும் ஜில்லுன்னுதான் இருக்கும். அவ சொன்னா. அவ சொன்னாளே."

சூடு இறங்காத அத்தனை பையையும் ஒரே நேரத்தில் குவித்தால் எந்தப் பெட்டி தாங்கும்? அது பாவம், பக்கத்தில் இருந்ததை இளகவிட்டு, தன்னால் முடிந்தபோது மறுபடி உறைய வைத்திருக்கிறது.

திரும்பி வந்து அறை வாசலில் நின்றாள். சின்னது பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். பாதியில் மாட்டிக்கொண்டது.

"அப்போ எதைத்தான் அணைச்சே நீ?"

"ஃபோனை." சின்னது நிமிரவில்லை. "அவர் கூப்பிடுவார்னு அணைச்சு வச்சேன். எடுத்துப் பேசினாத்தான் இங்க இருக்கலாம்னு அண்ணன் சொன்னாரு. எடுக்கலைன்னு சொல்லியிருந்தாலும் இந்தப் பையைத்தான் கட்டியிருக்கணும்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

சின்னது அப்போதுதான் திரும்பினாள். கண்ணில் தண்ணீர் இல்லை. "சொன்னா நம்பியிருப்பீங்களா? சந்தேகம்னா தூக்கிப் போட்டுடுவீங்க. பாவாடை கட்டின நாள்லேர்ந்து பார்க்கிறேன், உங்க சமையல்கட்டு எனக்குத் தெரியாதா? அங்க ஃபோனு, இங்க ப்ளக்கு. அங்க அறையைத் திருப்பிக் காட்டச் சொன்னாரு. நீங்க சுவிட்சுமேல பிளாஸ்திரி ஒட்டினீங்க. எனக்கு மூணாவது இடம் இல்ல அண்ணி. இருந்தா நானே போயிருப்பேன்."

இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள் என்று நான் சொன்னால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும், எனக்குத் தெரியும். அப்படி நடக்கவில்லை. அண்ணி உள்ளே போய் ஒரு கம்பளியை எடுத்து வந்தாள். உதிரியாக இருந்த நல்ல பைகளை நெருக்கி அடுக்கி, பெரியவரின் ஐஸை நடுவில் வைத்து, மூடியைச் சாத்தி, கம்பளியால் பெட்டியைப் போர்த்தினாள். பிறகு சுவரோரம் போய் பிளாஸ்திரியை உரித்தாள். சுவிட்சைத் தட்டினாள். ப்ளக்கை இழுத்துப் பிடுங்கினாள்.

அறையே திடீரென்று அமைதியானது. அந்த உறுமல் என் வீட்டுக்கும் கேட்டுக்கொண்டே இருந்ததால், அது நின்றதும் காது அடைத்த மாதிரி ஆனது.

லாரிக்காரர் சாவியோடு உள்ளே வந்தார். கிளம்பலாமா என்று கேட்கத்தான் வந்தார். காதில் பட்டது வேறு.

"பெட்டியை யாரு அணைச்சது?"

"நான்தான்," என்றாள் அண்ணி.

அவர் தங்கையைப் பார்த்தார். "அவளை ஏன் பார்க்குறீங்க? அன்னைக்கும் நான்தான்," என்றாள் அண்ணி. "ஆறாததை அள்ளி உள்ள கொட்டினேன். அவ ஒண்ணும் தொடலை."

"அப்போ நீ காதால கேட்டது?"

"அது அவ ஃபோனு. அணைஞ்சே கிடக்கட்டும். மாப்பிள்ளைகிட்ட என் நம்பரைக் கொடுங்க. எங்க இருக்கே, யாரு பக்கத்துலன்னு அவர் கேட்கட்டும், நான் பதில் சொல்றேன்."

லாரிக்காரர் சாவியை விரலில் சுற்றினார். மனைவியையும் தங்கையையும் கம்பளி போர்த்திய பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ நான் லோடை மட்டும் ஏத்திக்கிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டார்.

"அதுக்கு முன்னாடி இந்தப் பக்கம் பிடிங்க. பெட்டி சமையல்கட்டுக்குப் போகணும். உள்ள இருக்கிறது இளகறதுக்குள்ள சொருகணும்."

அவர் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை அண்ணி பிடித்தாள். நடு கனத்தது. சின்னது கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஜிப் மாட்டிய பையைக் காலால் ஒதுக்கிவிட்டு வந்து நடுவில் கை கொடுத்தாள். நாற்காலியிலிருந்து பெரியவர், இடது பக்கம், இடது பக்கம் என்று கம்பம் தூக்கிய காலத்துக் குரலில் அதிகாரம் பண்ணினார். சமையலறைச் சுவரில் பெட்டி மறுபடி உறும ஆரம்பித்தது.

அண்ணி பின்னறைக்குத் திரும்பிப் போனாள். அலமாரிமேலிருந்த விசிறியை இறக்கித் துடைத்துச் சொருகினாள். இறக்கை முதலில் முனகியது, பிறகு சுற்றியது. சுவிட்சின்மேல் பிளாஸ்திரிப் பிசின் குறுக்காக ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டினாள். கொஞ்சம் வந்தது. மீதி கறுத்துத் திரண்டு அங்கேயே நின்றது. பட்டாணி உரித்த பச்சை இன்னும் போகாத நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

"விடுங்க அண்ணி," என்றாள் பின்னால் வந்த சின்னது. "விசிறியை அணைச்சிடப் போறீங்க."